டோடோல்: விறகடுப்பிலிருந்து தொழிற்சாலைக்கு

நோன்புப் பெருநாள் நெருங்கும்போது ஷா ஆலம் கடைகளில் டோடோல் பொட்டலங்கள் அடுக்கடுக்காக வந்து சேரும். கரும்பழுப்பு நிறம், எண்ணெய் மினுமினுப்பு, கடித்தால் பல்லில் ஒட்டும் இழுவை. இவையே அதன் அடையாளம். மலாய் நண்பரின் திறந்த இல்ல உபசரிப்பில் நீங்களும் இதைச் சுவைத்திருக்கலாம். தமிழருக்கும் இது புதியதன்று. இராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையிலும் இலங்கையிலும் இதனைத் ‘தொதல்’ என்பர். கோவாவில் இது கிறிஸ்துமஸ் இனிப்புகளுள் ஒன்று.

டோடோலுக்கு முக்கியமாகத் தேவைப்படுபவை தேங்காய்ப்பால், புளுட் அரிசி மாவு, ‘குலா மெலாக்கா’ எனப்படும் தென்னை வெல்லம் ஆகிய மூன்றுமே. சீனியும் சிறிது சேர்ப்பர். பொருள்கள் எளியவை, வேலைதான் கடுமையானது. கம்பங்களில் ‘காவா’ என்னும் பெரிய வாணலியை விறகடுப்பில் ஏற்றி, நீண்ட மரத்துடுப்பால் ஏழு முதல் ஒன்பது மணி நேரம் வரை கிண்டுவார்கள். கை ஓய்ந்தால் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த வாடை வாணலி முழுவதற்கும் ஏறிவிடும். அதனால் அண்டை வீட்டார் கூடி, ஒருவர் மாற்றி ஒருவர் துடுப்பைப் பிடிப்பார்கள். அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோருக்கு இதற்கு முற்றமும் இல்லை, ஆளும் இல்லை. அந்த இடத்தைத்தான் தொழிற்சாலைகள் நிரப்புகின்றன.

இத்தனை மணி நேரம் ஏன்? தேங்காய்ப்பாலில் பெரும்பகுதி நீர். அந்நீர் வற்றினால்தான் டோடோல் கெட்டிப்படும். நீர் குறைந்து சர்க்கரை செறிந்தால்தான் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகா. தீயைக் கூட்டி விரைவாக வற்றவைக்கலாமே என்று கேட்கலாம். மாவும் வெல்லமும் கருகிவிடும். எனவே மிதமான சூட்டில் பொறுமையாகவே வற்றவைக்க வேண்டும்.

தொழிற்சாலையில் முதலில் துருவிய தேங்காயை இயந்திரத்தில் பிழிந்து பால் எடுக்கிறார்கள். வெல்லத்தைக் கரைத்து, தூசும் நாரும் நீங்க வடிகட்டுகிறார்கள். மாவைத் தேங்காய்ப்பாலில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே எல்லாம் வாணலிக்குப் போகும். விறகுக்குப் பதில் எரிவாயு. கைக்குப் பதில் மின்விசையால் சுழலும் துடுப்பு. துடுப்பு வாணலியின் அடியை வழித்தபடியே சுற்றுகிறது. பால் போலிருந்த கலவை கூழாகி, பின்னர் பசையாகிறது. புளுட் அரிசியின் மாவுச்சத்து சூட்டில் நீரை உறிஞ்சி வீங்குவதே இந்த இழுவைக்குக் காரணம். வெல்லத்தின் நிறத்தோடு, சர்க்கரையும் புரதமும் சூட்டில் வினைபுரிவதால் நிறம் மேலும் கறுக்கிறது. தேங்காயெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கத் தொடங்குகிறது.

இயந்திரம் சோர்வின்றிக் கிண்டும். எப்போது நிறுத்துவது என்பதை, குறிப்பாகச் சிறு தொழிற்சாலைகளில், இன்றும் அனுபவசாலி ஒருவரே முடிவு செய்கிறார். ஒரு துளி எடுத்து ஆறவைத்து விரலால் அழுத்திப் பார்ப்பார். கையில் ஒட்டாமல், வாணலியின் ஓரத்தை விட்டு விலகி வந்தால் அதுவே பதம். சற்று முன்னதாக இறக்கினால் டோடோல் சீக்கிரம் பூசணம் பூக்கும், தாமதித்தால் கல்லாகிவிடும். ஒரே மாவு, ஒரே வெல்லம் என்றாலும் தேங்காய் வேளைக்கு வேளை வேறுபடுகிறது. ஆகவே கடிகாரத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. டோடோல் செய்வதில் கற்றுக்கொள்ள மிகவும் கடினமான பகுதி இதுவே என்பேன்.

இறக்கிய டோடோலைத் தட்டுகளில் ஊற்றி நன்றாக ஆறவிடுகிறார்கள். சூடாகப் பொட்டலமிட்டால் உள்ளே நீராவி துளிர்த்துப் பூசணத்திற்கு வழிவகுக்கும். ஆறியபின் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் நெகிழித்தாளில் சுற்றுகிறார்கள். பாண்டான், டுரியான் சுவைகளும் உண்டு.

1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகளின்படி, பொட்டலத்தில் உள்ள பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக அச்சிட வேண்டும். அடுத்த முறை டோடோல் வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். முதலில் நிற்பது தேங்காய்ப்பாலா, சீனியா?