வண்ணம் காத்த உழவர்கள்

ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்தில் உள்ள பெக்கான் நானாஸ், தன் பெயரிலேயே அன்னாசியைக் கொண்ட ஊராகும். இங்கு அன்னாசி அருங்காட்சியகமும் உண்டு. நம் சந்தைகளில் கிடைக்கும் ‘ஜோசாப்பின்’ அன்னாசி, ஜொகூர், சரவாக் எனும் இரு வகைகளைக் கலந்து மார்டி நிறுவனம் உருவாக்கியதாகும். அது 1996-இல் வெளியிடப்பட்டது. இவ்வாறு நல்ல இயல்புடையவற்றைத் தேர்ந்தெடுத்து இணைத்துப் புதிய வகையைப் பெறுவதே தெரிவு இனப்பெருக்கம். குளங்களை அழகுபடுத்தும் கோய் மீன்களும் இம்முறையில் உருவானவையே.

கோய் மீனின் தாயகம் ஜப்பானின் நீகாத்தா மாநிலம். பனி மிகுந்த அம்மலைப்பகுதி உழவர்கள், குளிர்கால உணவுக்காக வயலோரக் குளங்களில் கெண்டை மீன்களை வளர்த்தனர். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன், கரிய மீன்களுக்கிடையே சில, இயற்கையான மரபு மாற்றத்தால் சிவப்பும் வெள்ளையுமாகத் தோன்றின. உழவர்கள் அவற்றை உண்ணாமல் தனியே வளர்த்து இனப்பெருக்கம் செய்தனர். 1914-இல் தோக்கியோவில் நடைபெற்ற கண்காட்சியின்வழி அவை நாடெங்கும் புகழ் பெற்றன.

வெண்ணிற உடலில் செந்நிறத் திட்டுகள் கொண்டது ‘கொஹாக்கு’. அவற்றோடு கரும்புள்ளிகளும் சேர்ந்தது ‘தைஷோ சன்ஷோக்கு’. கரிய உடலில் சிவப்பும் வெள்ளையும் படர்ந்தது ‘ஷோவா சன்ஷோக்கு’. பின்னிரண்டும் ஜப்பானியப் பேரரசர்களின் ஆட்சிக்காலப் பெயர்களைத் தாங்கியவை. உடல் முழுவதும் பொன்னாக மின்னுவது ‘ஓகோன்’. 1921-இல் முதுகில் பொன்னிறம் தோன்றிய ஒரு கெண்டையைக் கண்ட சவாத்தா அவோக்கி, ஏறத்தாழ 25 ஆண்டுகள் பொறுமையாகத் தெரிவு செய்து அவ்வகையை உருவாக்கினார்.

அன்னாசிக்கும் கோய்க்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஜோசாப்பின் கன்றை நட்டால் ஜோசாப்பினே விளையும். கோய் மீனோ முட்டையிலிருந்து பிறப்பதால் குஞ்சுகள் பெற்றோரைப் போலவே அமைவதில்லை. ஒரு பெரிய பெண் மீன் இலட்சக்கணக்கான முட்டைகள் இடும். எனினும், பலமுறை தரம் பிரித்தபின் மிகச் சிலவே எஞ்சும். இப்பணி ஆண்டுதோறும் தொடர வேண்டும். ஆகவே, சிறந்த தாய் மீன்களை இழந்தால் பல தலைமுறை உழைப்பும் வீணாகும்.

அத்தகைய ஆபத்து 2004 அக்டோபர் 23-இல் நேர்ந்தது. நீகாத்தாவை உலுக்கிய நிலநடுக்கத்தால் குளங்கள் பிளந்தன, சாலைகள் துண்டிக்கப்பட்டன. கோய் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற யமக்கோஷி கிராம மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். ஏராளமான மீன்கள் மடிந்தன. எஞ்சிய மீன்களுள் பலவற்றை ஹெலிகாப்டர் மூலம் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு சென்றனர். அவற்றைக் கொண்டே கோய் வளர்ப்பு மீண்டும் தழைத்தது. 2017-இல் நீகாத்தா மாநிலம் கோயைத் தன் அலங்கார மீனாக அறிவித்தது.

குளத்தில் நீந்தும் ஒவ்வொரு கோய் மீனிலும் இயற்கை தந்த வண்ணமும் உழவர் காட்டிய பொறுமையும் கலந்துள்ளன.