டேக்வாண்டோ போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு

1988 இல் சியோல் ஒலிம்பிக்கில், டேக்வாண்டோ காட்சிப் போட்டியாக மட்டுமே இடம்பெற்றிருந்த காலத்தில், நம் மலேசியத் தமிழ்ப் பெண் வாசுகி மருதமுத்து வெண்கலம் வென்றார் என்பதை, ஸ்ரீ கெம்பாங்கானில் இன்று வெள்ளைச் சீருடை அணியும் சிறுமியருக்கு அவசியம் சொல்லுங்கள்.

போட்டியில் எடைப் பிரிவு வாரியாகவே ஜோடி சேர்ப்பார்களாதலால், கடைசி நேரத்தில் பிள்ளையைப் பட்டினி போட்டு எடையைக் குறைக்க முற்படாமல், இயல்பான எடைக்குரிய பிரிவிலேயே பெயர் கொடுப்பதுதான் சரீரத்துக்கு க்ஷேமம். வளரும் பிள்ளை விஷயத்தில் இதை ஒருபோதும் விட்டுக்கொடுக்கலாகாது.

மார்புக் கவசத்தில் விழும் குத்துக்கு 1 புள்ளி, உதைக்கு 2, தலையில் படும் உதைக்கு 3, சுழன்று உதைத்தால் அதற்கும் மேல் என்பதையும், கீழே விழுதல், எல்லைக்கோட்டைத் தாண்டுதல், எதிராளியைப் பிடித்திழுத்தல் முதலிய குற்றங்களுக்கு நடுவர் ‘கம்ஜியோம்’ என அறிவித்தால் எதிராளிக்கு 1 புள்ளி போய்ச் சேரும் என்பதையும், உலக டேக்வாண்டோ அமைப்பின் விதிப்படி மூன்று சுற்றுகளில் இரண்டை வென்றவருக்கே ஜயம் என்பதையும் முன்கூட்டியே அறிந்தால், அரங்கில் வீண் பதற்றம் இராது.

மின்னணுக் கவசப் போட்டியில், காலுறையிலுள்ள உணர்கருவி கவசத்தில் போதிய விசையோடு பட்டால்தான் உதை பதிவாகும். ஆகவே உறை தளராதபடி அளவு பார்த்து வாங்குங்கள். பல்காப்பு வெள்ளையாகவோ நிறமற்றதாகவோ இருக்கட்டும். கைகால் நகங்களை முந்தின இரவே ஒட்ட வெட்டிவிடுங்கள்.