எழுபது வளைவும் விரிசல் விட்ட எஞ்சினும்

கேள்வி: கொல்லிமலையில் ஓடும் என் பழைய ஜீப்பில் கூலண்ட் ஒழுகுகிறது. எஞ்சின் பிளாக்கில் விரிசல் என்கிறார் மெக்கானிக். பசை பூசி ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சின்ன கியரிலேயே ஏறும் எஞ்சின் கடுமையாகச் சூடாகும். இரும்பு விரிந்து சுருங்கும்போது பசை பெயர்ந்துவிடும். வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாமே என்பீர்கள். கொதிக்கும் வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் இன்னும் நீளும். ஆனால், விரிசல்தான் என்று முடிவுகட்டுமுன் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஹெட் கேஸ்கட் போனாலும் இப்படித்தான் கூலண்ட் குறையும். கேஸ்கட்டை மாற்றச் செலவு குறைவு. டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்: ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது, ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். வேறு வண்டியில் ஏற்றி, லாரித் தொழிலில் ஊறிய நாமக்கல்லுக்கே கொண்டுபோங்கள். விரிசல்தான் என்று உறுதியானால், வார்ப்பிரும்பு வெல்டிங்கில் கைதேர்ந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.