விற்றால்தான் காசு: கடையில் வைத்த சரக்குக்கு எக்ஸெல் கணக்கு

புதுக்கோட்டை மாவட்டத்தில் சத்துமாவு, ஊறுகாய், பனை ஓலைக் கூடை போன்றவற்றைத் தயாரிக்கும் மகளிர் குழுக்கள் பல உண்டு. இவற்றைக் கடைகளில் வைக்கும்போது பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "வச்சுட்டுப் போங்க, வித்தா காசு தர்றேன்." இதற்குக் கன்சைன்மெண்ட் என்று பெயர். சரக்கு இருப்பது கடையில்; விற்கும் வரை உரிமை உங்களுக்கு. இரண்டு மாதம் கழித்து "எத்தனை வைத்தோம், எத்தனை விற்றது?" என்பதில்தான் தகராறு வரும். ஆலங்குடி பக்கம் ஒரு குழுவுக்கு நான் அமைத்துத் தந்த முறையை இங்கே பார்க்கலாம்.

ஷீட்டைத் தயார் செய்தல்

1. எக்ஸெலைத் திறந்து முதல் வரிசையில் தேதி, கடை, பொருள், வகை, எண்ணிக்கை, சீட்டு எண் என ஆறு தலைப்புகளைத் தட்டச்சு செய்யுங்கள். கீழே ஒரு பதிவையும் இடுங்கள்.

2. கன்ட்ரோல் கீயுடன் டி கீயை அழுத்தி ஓகே கொடுங்கள். இது டேபிள் ஆகிவிடும். பின்னர் சேர்க்கும் வரிகளும் தானாக இதில் சேரும்.

3. வகை என்ற தலைப்பின் கீழுள்ள செல்லைத் தேர்வு செய்து, டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன் சென்று, லிஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சோர்ஸ் கட்டத்தில் வைத்தது, விற்றது, திரும்பியது என்று கமா போட்டு டைப் செய்யுங்கள். இனி எழுத்துப்பிழை வராது.

4. வைத்ததை அப்படியே எழுதுங்கள். விற்றதையும் திரும்பியதையும் மைனஸ் குறியோடு எழுதுங்கள். சூட்சுமம் இதில்தான் இருக்கிறது.

கணக்கைப் பார்த்தல்

டேபிளுக்குள் கர்சரை வைத்து, இன்சர்ட் மெனுவில் பிவட் டேபிளைக் கிளிக் செய்யுங்கள். கடை, பொருள் இரண்டையும் ரோஸ் பகுதிக்கும், வகையைக் காலம்ஸ் பகுதிக்கும், எண்ணிக்கையை வேல்யூஸ் பகுதிக்கும் இழுத்து விடுங்கள். சம் என்பதற்குப் பதில் கவுண்ட் என்று வந்தால் வேல்யூ ஃபீல்டு செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, 40 பாக்கெட் சத்துமாவு வைத்து, 26 விற்று, 4 திரும்பினால் கடைசியிலுள்ள கிராண்ட் டோட்டல் 10 என்று காட்டும். அதுதான் கடையில் இருக்க வேண்டிய இருப்பு. பாக்கெட் 60 ரூபாய், கடைக்காரர் கமிஷன் 15 சதவீதம் என்றால் உங்களுக்கு 51 ரூபாய். 26 பாக்கெட்டுக்கு வர வேண்டியது 1,326 ரூபாய்.

அலமாரியில் எண்ணும்போது 8தான் இருக்கிறதா? இரண்டு பாக்கெட், அதாவது 102 ரூபாய் யார் பொறுப்பு என்பதை முதல் நாளே சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். காலாவதி ஆனது யார் தலையில் என்பதையும் எழுதுங்கள்.

கவனிக்க

பிவட் டேபிள் தானாக மாறாமல் இருக்கலாம். புதிய பதிவு இட்டதும் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ் கொடுங்கள்.

திருப்பும் கெடு தேதியைக் குறியுங்கள். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்பனை அல்லது திருப்புதல் முறையில் தந்த சரக்கை, வேண்டாம் என்று சொல்லாமல் கெடு தாண்டியும் வைத்துக்கொண்டால் கடைக்காரர் அதை வாங்கியதாகவே ஆகும். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் இம்முறையில் அனுப்பிய சரக்குக்கு விற்பனையின்போதோ, அனுப்பிய 6 மாதத்திலோ, எது முந்தியதோ அப்போது பில் போட வேண்டும்.

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் பிவட் டேபிள் அமைக்கலாம். முதலில் ஒரே ஒரு கடையின் கணக்கை ஏற்றிச் சரிபாருங்கள். பிறகு மற்ற கடைகளைச் சேர்க்கலாம்.