லாயத்துக் கணக்கு

என் பழைய மாணவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி நம் சங்கரன்கோவில் ரோட்டிலேயே இருக்க, குதிரைப் பைத்தியத்தால்தான் நீ சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரிக்குப் போனாய் என்பது எனக்குத் தெரியும். இப்போது ஓய்வு கொடுத்த பந்தயக் குதிரை ஒன்று மலிவாக வருகிறது, கல்விக் கடனில் மிச்சம் பிடித்து வாங்கிவிடலாமா என்று கேட்கிறாய். பரீட்சைப் பயமும் வீட்டில் தறி ஓடாத கவலையும் சேணத்தில் ஏறினால்தான் தணிகிறது, சொந்தக் குதிரை என்றால் தினமும் தணியுமே என்று காரணமும் எழுதியிருக்கிறாய். இரண்டுமே தப்பு அம்மா. முதல் தப்பை நம் பாண்டியர்களே செய்தார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பழையகாயல் இருக்கிறது. இன்றைக்குச் சின்ன ஊர். 13ஆம் நூற்றாண்டில் பெரிய துறைமுகம். மார்கோ போலோ சொன்ன காயல் இதுதான் என்று எடுத்துக்காட்டியவர் கால்டுவெல். அவருடைய திருநெல்வேலிச் சரித்திரம் 1881இல் வெளிவந்தது. அங்கே மண்ணில் சீனப் பீங்கான் உடைசல்கள் சிதறிக் கிடந்ததை அவர் எழுதியிருக்கிறார். எத்தனை முறை படித்தாலும் அந்தப் பக்கம் எனக்கு அலுப்பதில்லை.

அந்தத் துறையில் இறங்கிய சரக்குகளில் பெரும் பணம் விழுங்கியது அரபுக் குதிரை. கீஷ் தீவின் வணிகர் ஜமாலுதீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார், ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாதான் பணம் கொடுத்தது! 1292 வாக்கில் வந்த மார்கோ போலோ இன்னும் ஒரு படி மேலே போகிறார்: ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்கி, ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லையாம். எண்ணிக்கை மிகையாகவே இருக்கட்டும். அவர் சொல்கிற காரணத்தைப் பார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆள் இங்கே கிடையாது. அப்படிப்பட்டவர்கள் இந்தப் பக்கம் வராதபடி வணிகர்களும் பார்த்துக்கொண்டார்கள். குதிரை சாகச் சாகத்தானே அவர்களுக்கு வியாபாரம்? தீனியாக, சோற்றோடு இறைச்சியை வேகவைத்துப் போட்டார்களாம். அந்தக் குடல் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நீ எனக்குச் சொல்லலாம்.

டில்லித் தளபதி மாலிக் காபூர் 1311இல் மதுரைக்குப் படையெடுத்து வருவதற்கு முன்பே பாண்டியன் செல்வத்தில் பாதியை லாயம் தின்றிருக்கும் என்பது என் கட்சி. பாண்டியர் வீழ்ச்சிக்குச் சரித்திரக்காரர்கள் வீரபாண்டியன், சுந்தரபாண்டியன் சகோதரச் சண்டையைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. வாதவூரரான மாணிக்கவாசகர் கதையே பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தில்தானே தொடங்குகிறது?

வாங்கத் தெரிந்தவர்களுக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அரசனுக்கே அந்தக் கதி. உன் கணக்குக்கு வருவோம். பந்தயக் குதிரை 450 கிலோ இருக்கும். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தீனி என்றால் ஒரு நாளைக்கு 9 கிலோ, மாதம் 270 கிலோ. புதுமைப் பெண் திட்டத்தில் உனக்கு வருகிற மாதம் 1,000 ரூபாயை அப்படியே கொட்டினாலும் கிலோவுக்கு நாலு ரூபாய் தேறாது. அந்த விலைக்கு எந்தக் கடையில் கொள்ளு தருவார்கள்? ஆறு வாரத்துக்கொரு முறை லாடம் இருக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒரு ராத்திரி கோலிக் என்கிற வயிற்றுவலி வந்தால் உன் அரியர் பரீட்சை, அப்பாவின் கூலி, எல்லாம் அதோடு போகும்.

உனக்குக் குதிரை இல்லாமலா இருக்கிறது? உன் கல்லூரி என்.சி.சி. குதிரைப் பிரிவில் தீவனமும் லாயமும் அரசாங்கத்துடையது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் குதிரையேற்றத்தில் இரண்டு வெள்ளி வாங்கிய ஃபுவாத் மிர்சா ஏறிய செய்னூர் மெடிகாட்கூட அவர் காசில் வந்த குதிரை அல்ல. ஒரு நிறுவனம் கொடுத்தது. சேணத்தில் உட்காருகிற பழக்கம் மட்டும்தான் அவருடையது. பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டமும் வாங்கினார்.

அடுத்து, குதிரை உன் கவலையைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும் என்ற எண்ணம். இதைப் பரப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. 2009இல் சுவீடனில் லிண்டா கீலிங் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்கள் குதிரையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நான்கு முறை கொண்டுபோக வேண்டும். சிலர் பிடித்து நடத்தினார்கள், சிலர் மேலே ஏறி ஓட்டினார்கள். நான்காம் முறை மட்டும், குதிரை கடக்கும்போது ஒரு குடை விரிக்கப்படும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். குடையை யாரும் விரிக்கவே இல்லை. ஆனாலும் ஆட்களின் இதயத் துடிப்பு ஏறியது; கூடவே குதிரையின் துடிப்பும் ஏறியது. நீ பயத்தோடு ஏறினால் அதுவும் பயப்படும். அது பயந்து மிரண்டால் விழப்போவது நீ.

ஆகவே பரீட்சைக்கு முந்தின வாரம் ஏறாதே. பிரிவுக் குதிரையை வேறொரு மாணவர் ஓட்டுவார், அது ஒன்றும் ஏங்கிப் போகாது. சொந்தக் குதிரையாக இருந்தால் இந்த விடுப்பு உனக்குக் கிடைத்திருக்குமா? மனசு தாங்காவிட்டால் லாயத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் அதைத் தேய்த்துவிட்டு வா, போதும். கவலையை மனுஷரிடம் சொல். விடுதித் தோழி இருக்கிறாள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தறி விஷயத்தை அப்பாவிடமே நேராகக் கேள். மறைத்துவைத்து நீங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக வேகிறீர்கள்.

குதிரைக்காரருக்கு இந்த வாரமே பதில் சொல்லிவிடு, அவரும் வேறு ஆள் பார்க்க வேண்டும். ஆடித்தபசுக்கு ஊருக்கு வரும்போது கல்விக் கடன் தாள்களை மறக்காமல் எடுத்து வா. படிக்கிற காலத்துக்கு வட்டி மானியம் போட்டிருக்கிறார்களா, இல்லை ஏறிக்கொண்டே இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
உன் பள்ளி வாத்தியார்
சங்கரன்கோவில்