பழைய தார்ச் சாலையும் பயன்படும்

பழுதுபட்ட சாலையின் மேலேயே மீண்டும் ஜல்லியும் தாரும் இட்டு உயர்த்துவது நெடுநாளைய வழக்கம். இதன் தீங்கு மழைக்காலத்தில் வெளிப்படும். சாலை உயர உயர, இருமருங்கிலுமுள்ள வீடுகள் பள்ளத்தில் தங்கிவிடுகின்றன. மந்தாரக்குப்பம் போன்ற, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை காணும் கடலூர் மாவட்டத்து ஊர்களில் இது முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தளம் இடவேண்டுமென்று 2021-ம் ஆண்டு மே மாதத்தில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியதும் இக்காரணம் பற்றியே.

சுரண்டிய பொருள் குப்பையன்று. அதில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு தார். எஞ்சியது பெரும்பாலும் நல்ல ஜல்லி. ஒரு கிலோமீட்டர் நீளமும் 3.75 மீட்டர் அகலமும் உள்ள சாலையில் 40 மில்லிமீட்டர் கனத்துக்குச் சுரண்டினால் 150 கன மீட்டர், அதாவது சுமார் 330 டன் பொருள் கிடைக்கும். அதனுள் அடங்கிய தார் மட்டும் ஏறத்தாழ 15 டன் ஆகும். 1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது மேனாடுகள் இம்முறையை ஊக்கத்துடன் கைக்கொண்டன. இந்தியச் சாலைக் காங்கிரசும் 2015-ல் இதற்கென வழிமுறை வகுத்துள்ளது.

வெயிலாலும் காற்றாலும் பழைய தார் இறுகி, ஒட்டும் தன்மை குன்றுகிறது. ஆகவே அதைத் தனித்து மேற்பரப்பாக இடலாகாது. கலவை நிலையத்தில் புதிய ஜல்லியும் இளகிய தாரும் சேர்த்துச் சூடாக்கிப் பயன்படுத்தலாம். அவ்வசதியில்லாத இடத்தில், உடைத்துச் சலித்து, அடித்தளத்தில் பரப்பி, உருளையால் நன்கு அழுத்தலாம். நெய்வேலி அனல்மின் நிலையத்தின் பழுப்பு நிலக்கரிச் சாம்பல் சுண்ணாம்புச் சத்து மிக்கது. அதை அடித்தளக் கலவையில் சேர்ப்பது பற்றியும் பொறியாளரைக் கலந்து பரிசோதிக்கலாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. வேலை தொடங்குமுன், வீட்டு வாயிற்படிக்கும் சாலைக்குமுள்ள உயரத்தை அளந்து குறித்தல்.

2. சுரண்டும் கனத்தையும், பொருள் எங்கே சேரும் என்பதையும் மதிப்பீட்டிலேயே எழுதச் செய்தல்.

3. பஞ்சாயத்துச் சாலையிலிருந்து எடுத்த பொருளைக் கணக்கில் ஏற்றுதல்.

4. அதை ஏரி, வாய்க்கால், வயல்களில் கொட்டவிடாமல், மண் கலவாது மேட்டில் குவித்து மூடிவைத்தல்.

5. வேலை முடிந்ததும் வாயிற்படி உயரத்தை மறுபடி அளந்து, முன் குறிப்புடன் ஒப்பிடுதல்.

ஜல்லி மிச்சமானால் ஒரு குன்று தப்பும்; தார் மிச்சமானால் பொதுப்பணம் தப்பும்; சாலை உயராதிருந்தால் ஏழையின் வீடு தப்பும். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதனை விவாதித்து முடிவெடுப்பது நலம்.