பிள்ளை பெற்ற வயிறும் தளர்ந்த தோலும்
(கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டியது)



திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வீடு. தாயையும் சேயையும் பார்க்க வந்த நர்ஸம்மாவிடம் அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்கிறாள்:

"அக்கா, பிள்ளை பொறந்து நாலு மாசம் ஆச்சு. இன்னும் வயிறு தொளதொளன்னு தொங்குது. கு.க. ஆபரேஷன் பண்ணிக்கிட்டதாலதான் இப்படின்னு அத்தை சொல்றாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கிரீம் விக்குதாம், 1,700 ரூபா. வாங்கலாமா?"

திண்ணையில் இருக்கும் கணவன், "அது தின்னுட்டுத் தூங்குற வயிறு, நர்ஸம்மா" என்று சிரிக்கிறான். அவள் முகம் சுருங்கிப் போகிறது. விசாரித்தால், பத்து நாளாக ஒரு வேளைச் சோற்றையே விட்டுவிட்டாளாம். பால் கொடுக்கிற தாய்!

விழுப்புரம் மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இதைப்போல ஒரு வீடு இருக்கும். ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறோம்.

நெல்லைக் கொட்டிவிட்ட கோணிப்பையைப் பாருங்கள், துவண்டு கிடக்கும். பிரசவமான வயிறும் அப்படித்தான். சுமார் 3 கிலோ குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குடத் தண்ணீர் எல்லாம் ஒரே நாளில் வெளியேறிவிடுகின்றன. ஆனால் கோணிக்கு உயிர் கிடையாது, உடம்புக்கு உண்டு. பிரசவித்த அன்று 1 கிலோ அளவு இருக்கும் கர்ப்பப்பை, ஆறு வாரத்தில் 100 கிராமுக்குப் பக்கமாகச் சுருங்கிவிடும். பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் சுருக்கென்று வலிக்கிறதே, அது கர்ப்பப்பை சுருங்குகிற வலிதான். பயப்பட வேண்டாம்.

தோல் அவ்வளவு வேகமாகச் சுருங்காது. தோலின் அடிப்பகுதியில் இரண்டு வகை நார்கள் உள்ளன. ஒன்று தோலுக்குப் பலம் தரும் கொலாஜன், மற்றது ரப்பர்போல் இழுத்துச் சுருங்கும் எலாஸ்டின். ஒன்பது மாதம் இழுபட்டதில் இந்த நார்கள் சில இடங்களில் அறுந்துபோகின்றன. அந்த இடங்கள்தான் வயிற்றில் வரிவரியாகத் தெரிகின்றன. முதலில் சிவப்பாகவோ கருப்பாகவோ இருக்கும், மாதக்கணக்கில் மங்கி வெளிறிப்போகும். முழுக்க மறையாது. தொங்கும் தோலும் பல மாதங்கள் வரை கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். எவ்வளவு இறுகும் என்பது வயது, உடல்வாகு, எத்தனை பிரசவம் என்பதைப் பொறுத்தது. தாய்க்கு வரி விழுந்திருந்தால் மகளுக்கும் விழுவது வழக்கம்.

இப்போது அந்த 1,700 ரூபாய்க்கு வருவோம். கிரீம் தோலின் மேற்பரப்போடு நின்றுவிடும். நார் அறுந்திருப்பதோ அடியில். அரிப்புக்கும் வறட்சிக்கும் தேங்காய் எண்ணெயே போதும். மிச்சப் பணத்துக்கு முட்டை வாங்கலாம். இன்னொரு எச்சரிக்கை. மடிப்பில் வேர்வை தங்கிப் படை வந்தால், சிலர் கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கித் தடவுகிறார்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, புதிதாக வரிகளே விழும்! மடிப்பைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பருத்தித் துணி உடுத்துங்கள். படை போகாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

கு.க. ஆபரேஷன் மேல் பழி போடுவது நியாயமில்லை. அதில் கருக்குழாய்களை மட்டும் கட்டி வெட்டுகிறார்கள். கொழுப்பு சேர்வதற்கோ தோல் தளர்வதற்கோ அதில் வழியே இல்லை. பிரசவம் ஆன கையோடு செய்வதால், பிள்ளை சுமந்து தளர்ந்த வயிறு ஆபரேஷன் கணக்கில் எழுதப்படுகிறது. அவ்வளவுதான். (அப்படியும் பயம் தீராத வீடுகளில் ஆண்கள் கத்தியில்லா வாசெக்டமி செய்துகொள்ளலாமே. ஒருவரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.)

வயிறு தள்ளித் தெரிவதற்குத் தோல் மட்டும் காரணமல்ல. தொப்புளுக்கு மேலும் கீழும் இரண்டு பட்டையாக ஓடும் தசைகள் கர்ப்பத்தில் விலகிவிடுகின்றன. விலகல் எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஆறு வாரம் கழித்து, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். தொப்புளுக்கு மேல் விரல்களை வைத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். நடுவில் இரண்டு விரலுக்கு மேல் இறங்கும் பள்ளம் தெரிந்தால் தசை இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். அடுத்த முறை டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள்.

இதற்குக் காசில்லாத பயிற்சி இருக்கிறது. அதேபோல் படுத்து, மூச்சை வெளியே விட்டபடி தொப்புளை முதுகுப் பக்கம் இழுங்கள். ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து விடுங்கள். காலை 10, மாலை 10. மூத்திரத்தை அடக்குவதுபோல் அடிப்பகுதியை இறுக்கி விடுவதும் அதே கணக்கு. இருமும்போது துணி நனைகிறது என்று வெளியே சொல்லாமல் தவிக்கிறவர்களுக்கு இதுதான் முதல் மருந்து. சுகப்பிரசவம் ஆனவர்கள் சில நாட்களிலேயே மெதுவாக ஆரம்பிக்கலாம். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டு ஆரம்பிக்கவும். எழுந்து எழுந்து படுக்கும் கடுமையான பயிற்சியில் அவசரம் வேண்டாம். நடு வயிறு மேடு தட்டினால் உடனே நிறுத்துங்கள்.

பழம்புடவையைக் கிழித்து வயிற்றில் கட்டுகிறார்களே? இடுப்புக்குத் தாங்கலாக லேசாகக் கட்டினால் தவறில்லை. மூச்சு முட்ட இறுக்கினால் வயிறு கரையாது. சிசேரியன் தையலுக்குத்தான் கெடுதல்.

அடுத்தது சாப்பாடு. பிரசவித்தவளுக்குப் பத்தியம் என்று மிளகு ரசமும் சோறும் மட்டும் போட்டால், தசையும் தோலும் எதைக் கொண்டு தேறும்? பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம், வழக்கத்தைவிடத் தினமும் சுமார் 600 கலோரி அதிகம் தேவை. பருப்பு, முட்டை, மரக்காணம் பக்கத்து மீன், முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கூழ், ஒரு கைப்பிடி அவித்த மல்லாட்டை எல்லாம் சாப்பிடலாம். தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்பது பொய். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் விழுங்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-ல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், பின்னாளில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்ந்தது. அதிலுள்ள பேரீச்சம்பழமும் நெய்யும் தாய்க்கு உரியவை. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு அல்ல.

பிரசவம் இல்லாமல், பருத்த உடம்பை இளைக்க வைப்பவர்களுக்கும் தோல் தொங்கும். வாரத்துக்கு அரை கிலோ என்று நிதானமாக இளைப்பது நல்லது. பீடி, சிகரெட் தோலின் நாரைக் கெடுக்கும். தொடையில் ஆரஞ்சுத் தோல்போல் மேடு பள்ளம் தெரிவது நோயல்ல, பெரும்பாலான பெண்களுக்கு உள்ளதுதான். ஆனால் முயற்சி எதுவும் இல்லாமல் உடம்பு இளைத்துச் சட்டை தொளதொளத்தால், அது ஆணோ பெண்ணோ, சர்க்கரையும் சளியும் பரிசோதிக்க வேண்டும். நீரிழிவும் காசநோயும் அப்படித்தான் தலைகாட்டும்.

வயிறு தேறுமுன்னே அடுத்த கர்ப்பம் வந்தால், தளர்ந்த தசை மறுபடி இழுபடும். ரத்தசோகையும் கூடும். குழந்தை பிறந்து குறைந்தது இரண்டு வருஷமாவது இடைவெளி விடுங்கள். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியைப் பால் கொடுக்கும் தாய் ஆறு வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். ஆணுறை எப்போதும் உண்டு.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. சிசேரியன் ஆனவள் முதல் ஆறு வாரம் தன் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது. தண்ணீர்க்குடம், விறகுக்கட்டு, மாட்டுக்குத் தீவனக் கட்டு எல்லாம் இதில் அடங்கும். அவற்றை யார் தூக்குவது என்பதை வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள். கேலி செய்தால் அவள் சோற்றைக் குறைப்பாள், பால் கொடுக்கிறவளுக்கு உடம்பு தாங்காது.

தொங்கும் தோலை வெட்டித் தைக்கும் ஆபரேஷன் உண்டு. இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தழும்பு விழும், மறுபடி கர்ப்பமானால் பலன் போய்விடும். இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவாகி, எடையும் பல மாதம் ஒரே நிலையில் நின்ற பிறகு யோசிக்க வேண்டிய விஷயம் அது. நகையை அடகு வைத்துச் செய்யும் அவசரம் அதில் இல்லை.

அவசரம் உள்ளது குடலிறக்கத்தில்தான். இருமும்போது தொப்புளிலோ தையல் தழும்பிலோ உருண்டையாகப் புடைத்து, படுத்தால் உள்ளே போகிறதா? அது தளர்ந்த தோல் அல்ல. திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ, முண்டியம்பாக்கம் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள். அந்த உருண்டை உள்ளே போகாமல் கல்போல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.